டொமைனை நவம்பரில் வாங்காதீர்கள்: சொந்தமாக வலைத்தளம் தொடங்குகிறவர்களுக்கு

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. திருப்பாப்புலியூரில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த வாரத்தில்தான் என் வலைத்தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய நாள். வங்கியில் பணம் இருந்தது, கட்டத்தான் வழியில்லை. பக்கம் திறக்கிற நேரத்தில் ஓடிபி வராது. ஓடிபி வருகிற நேரத்தில் பக்கம் செத்துப்போயிருக்கும். எல்லாம் அடங்கி நான் உட்கார்ந்து பார்த்தபோது, பத்து வருடம் எழுதிச் சேர்த்த தளம் இருந்த முகவரியில் யாருடையதோ ஒரு விளம்பரப் பக்கம் இருந்தது.

சலுகைக் காலம் மிச்சமிருந்ததால் பெயர் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த நாட்களில் நான் பட்ட பயத்தை இன்னொருவர் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சமையல் குறிப்பு எழுதுகிற அக்கா, ஊர் வரலாறு சேகரிக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், போட்டித் தேர்வுக் குறிப்புகள் போட நினைக்கிற கல்லூரித் தம்பிகள் என்று பலர் என்னிடம் வந்து ‘ஒரு சைட் ஆரம்பிக்கணும்’ என்பார்கள். எந்த டிசைன் அழகு, எந்தக் கலர் எடுப்பு, மாதம் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். தொலைந்தால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வலைத்தளம் நடத்துகிறவருக்குச் சொந்தம் என்று சொல்ல மூன்றுதான் உண்டு. தளத்தின் பெயர், எழுதிய எழுத்து, நம்மைத் தேடி வருகிற வாசகர். நம் பக்கங்கள் தங்கும் கணினியான சர்வர், விளம்பரம், தேடலில் வருகிற இடம் எல்லாம் வாடகை வீடு. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். கீழே சொல்கிற ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றையும் நம் கையிலேயே வைத்துக்கொள்வதற்குத்தான்.

முதல் வேலை: பெயரை உங்கள் பெயரில் வாங்குங்கள்

டொமைன் என்பது தளத்தின் முகவரி. டாட் காம், டாட் இன் என்று முடியும். டாட் இன் முகவரிகளை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வரும் நிக்சி நிர்வகிக்கிறது. டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே முடிகிற முகவரியும் உண்டு. தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் அதன்மேல் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் பல செயலிகள் அந்த முகவரியை லிங்க் என்றே புரிந்துகொள்வதில்லை. அதை இரண்டாவதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதல் முகவரி ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில், உங்கள் கையால் வாங்குங்கள். நெல்லிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், சைட் போட்டுக் கொடுத்தவரிடமே ‘நீங்களே எல்லாம் வாங்கிடுங்க’ என்று மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டார். மூன்று வருடம் நன்றாக ஓடியது. பிறகு அந்த ஆள் தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார், போன் எடுப்பதில்லை. டொமைன் அவர் கணக்கில் இருக்கிறது, ஆதாரம் கேட்டால் இவரிடம் ஒரு கைச்சீட்டுகூட இல்லை. கடைசியில் வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பத்திரம் நம் பெயரில் இல்லாத மனையில் யாராவது வீடு கட்டுவார்களா? இதுவும் அப்படித்தான்.

வாங்கும்போது இரண்டாம் வருட விலையைத் தேடிப் பாருங்கள். முதல் வருடம் நூறு, இருநூறு என்று காட்டுவார்கள், புதுப்பிக்கும்போது ஆயிரத்தைத் தாண்டும். அந்த விலை பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

அடுத்து, இது பலரும் மாட்டுகிற இடம். டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் ஐடி, அதே டொமைனில் முடிகிற மெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும். ‘காலாவதி ஆகப்போகிறது’ என்ற அறிவிப்பும், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கும் வந்து சேர இடமிருக்காது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும். தினமும் திறந்து பார்க்கிற ஜிமெயிலைக் கொடுங்கள்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை நம்பி உட்காராதீர்கள். 2021 அக்டோபரிலிருந்து, கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகளுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. அது நல்ல விதிதான், நம் பணத்துக்குக் காவல். ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் நம் ஊர்க் கார்டுக்கு அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்வதில்லை. பணம் எடுக்கப் பார்ப்பார்கள், தோற்றுப்போகும், ஒரு மெயில் வரும், அது குப்பைக்குள் போய்விடும். எனக்கு நடந்ததில் பாதி இதுதான். புயல் இல்லாவிட்டாலும் கடைசி நேரத்தில் நான் திண்டாடியிருப்பேன்.

காலாவதியானால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டாட் காமுக்கு, முடிந்த தேதியிலிருந்து அதிகபட்சம் 45 நாள்வரை வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம். டொமைன் விற்கும் சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடும். அதற்குப் பிறகு 30 நாள், கனமான அபராதத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாள் யாருமே தொட முடியாது. அப்புறம் முந்துகிறவருக்குக் கிடைக்கும். பழைய தளங்களின் பெயர்களை வாங்கி, அங்கே சூதாட்டப் பக்கம் வைப்பதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரைக்கு ஊரெல்லாம் கொடுத்த லிங்க் அவர்களுக்குப் பயன்படும்.

ஆகவே டொமைனை ஐப்பசி, கார்த்திகையில் வாங்காதீர்கள். எந்த நாளில் வாங்குகிறோமோ அந்த நாளில்தான் ஒவ்வொரு வருடமும் முடியும். 2011இல் தானே புயல் டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை ஏறியது. 2015 வெள்ளம் நவம்பர், டிசம்பரில். ஃபெஞ்சல் நவம்பர் முடிவில். இந்தக் கரையில் எந்த மாதம் வீட்டில் கரண்ட் இருக்காது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். பிப்ரவரியோ மார்ச்சோ பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம், முடிவதற்குப் பல மாதம் முன்பே அடுத்த வருடத்துக்குச் சேர்த்துக் கட்டலாம், நாள் வீணாகாது. இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இன்னும் நிம்மதி.

வாங்கிய கையோடு, பெயரை வேறு இடத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் டொமைன் கணக்கில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரம்.

எங்கே வைப்பது

பிளாகரா, சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்ஸா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஹோஸ்டிங் என்பது சர்வரில் நாம் வாடகைக்கு எடுக்கும் இடம், வேர்ட்பிரஸ் அங்கே தளத்தை நடத்தும் மென்பொருள். என் கருத்து: முதல் ஆறு மாதம் பிளாகரில் எழுதுங்கள், ஆனால் சொந்த டொமைனை இணைத்து எழுதுங்கள். பிளாகர் கூகுளுடையது. சர்வருக்குக் காசு இல்லை, பூட்டுவது திறப்பது அவர்கள் பொறுப்பு. ஆபத்து ஒன்றே ஒன்று: உங்கள் கூகுள் கணக்கு முடங்கினால் எல்லாம் சேர்ந்து முடங்கும். சொந்த டொமைன் இருந்தால் அன்றைக்கும் முகவரியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் எழுதுகிற ஆசை குறையாமல் இருந்தால் வேர்ட்பிரஸ்ஸுக்கு வாருங்கள். பலர் முதல் மாதமே மூன்று வருட ஹோஸ்டிங் வாங்கிவிட்டு நான்கு பதிவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பூட்டு

‘என் சைட்டில் என்ன இருக்கிறது, மீன் குழம்பு செய்முறை, இதை யார் ஹேக் பண்ணப் போகிறார்கள்?’ அந்தச் சமையல் அக்கா கேட்டது இது. யாரும் உங்களைக் குறிவைத்து வருவதில்லை. இரவு பகலாக ஓடுகிற நிரல்கள், இணையத்தில் இருக்கிற ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகின்றன. தெருவில் வரிசையாகக் கதவைத் தட்டி, தாழ் போடாத வீட்டில் நுழைகிற திருடன்போல. உங்கள் மீன் குழம்பு அவர்களுக்கு வேண்டாம். உங்கள் சர்வரிலிருந்து குப்பை மெயில் அனுப்ப வேண்டும், உங்கள் பக்கத்துக்குள் தங்கள் லிங்க்கை ஒளித்து வைக்க வேண்டும், உங்களைத் தேடி வருகிறவரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குச் சின்னத் தளம் போதும். சின்னத் தளத்தில் மாதக் கணக்கில் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

முதலில் ஜிமெயிலைப் பூட்டுங்கள். டொமைன், ஹோஸ்டிங், விளம்பரக் கணக்கு என்று எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அந்த மெயிலுக்குள்தான் இருக்கிறது. அதற்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல் ஆத்தென்டிகேட்டர் செயலியையும் வையுங்கள். இணையம் இல்லாவிட்டாலும், டவர் சாய்ந்திருந்தாலும் அந்தச் செயலி எண்ணைக் காட்டும். அவசரத்துக்கென்று கூகுள் கொடுக்கும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கிற பையில் போட்டுவிடுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸில் நுழைகிற பெயர் ‘அட்மின்’ என்று இருக்க வேண்டாம். நிரல்கள் முதலில் முயல்வது அதைத்தான். பாஸ்வேர்டு ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி. நினைவில் வைக்க முடியாது என்பீர்கள். முடியாதுதான், பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதி வீட்டில் வைத்தாலும் எனக்குச் சம்மதமே. எல்லாவற்றுக்கும் பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஜெராக்ஸ் கடை, நெட் சென்டர் கம்ப்யூட்டரில் ஒருபோதும் உள்ளே நுழையாதீர்கள்.

கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் துணை நிரல்தான் பிளகின். அதன் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களில் ஆட்கள் நுழைவது பெரும்பாலும் பிளகின் வழியாகத்தான். என் தளத்தில் நுழைந்ததும் அப்படித்தான். தேவனாம்பட்டினம் கடற்கரைப் படங்களை வரிசையாக ஓட விடுவதற்கு ஒரு ஸ்லைடுஷோ பிளகின் போட்டிருந்தேன். போட்டதையே மறந்துவிட்டேன். எழுதியவரும் அதைக் கைவிட்டுவிட்டார். ஒரு நாள் கூகுளில் என் தளத்தின் பெயரைத் தேடினால், ஜப்பானிய எழுத்தில் ஏதோ கைப்பை விற்கிற பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. எல்லாம் என் முகவரியில். நான் தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. அவர்கள் வைக்கிற நிரல் அப்படித்தான் வேலை செய்யும். உள்ளே நுழைந்திருக்கும் உரிமையாளருக்குப் பழைய பக்கத்தைக் காட்டும், கூகுளிலிருந்து வருகிறவருக்கும் செல்போனில் வருகிறவருக்கும் வேறொன்றைக் காட்டும்.

அதனால் மாதம் ஒருமுறை, வேறு யாருடைய போனிலாவது, கூகுளில் உங்கள் தளத்தைத் தேடி அங்கிருந்து உள்ளே போய்ப் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பிளகின் பட்டியலையும் அப்போதே பாருங்கள். பயன்படுத்தாததை நிறுத்தி மட்டும் வைக்காதீர்கள், அழித்துவிடுங்கள். நிறுத்தி வைத்த பிளகினின் கோப்புகளும் சர்வரில் கிடக்கும், அதன் ஓட்டையும் கூடவே கிடக்கும். ஒரு வருடத்துக்கு மேலாக மேம்படுத்தாத பிளகினுக்கு மாற்று தேடுங்கள். தானாக மேம்படுத்தும் வசதி 2020இலிருந்து பிளகின்களுக்கும் வந்துவிட்டது, அதை இயக்கி விடுங்கள்.

தீம் என்பது தளத்தின் தோற்றத்துக்கான வடிவமைப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ டெலிகிராமில் இலவசமாகப் போடுவார்கள். தொடவே தொடாதீர்கள். பின்வாசல் வைத்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள். வேர்ட்பிரஸ்ஸின் சொந்தப் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கும் தீம்களே சின்னத் தளத்துக்கு எதேஷ்டம்.

தளத்துக்கும் வாசகருக்கும் இடையிலான தொடர்பைப் பூட்டும் சான்றிதழுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

நகல்

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வெளியூரில். கணினித் துறையில் எல்லோரும் சொல்கிற பழைய விதிதான், ஆனால் ‘வெளியூரில்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் தனி அர்த்தம் உண்டு. கம்ப்யூட்டரும், நகல் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்து, இரண்டையும் ஒரே வெள்ளம் நனைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். என் நகல் ஒன்று சேலத்தில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போகும்போது புதிய நகலை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவேன். இன்னொன்று கூகுள் டிரைவில். வேர்ட்பிரஸ்ஸில் அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின் வாரா வாரம் அதைத் தானாகவே அனுப்பிவிடும்.

ஹோஸ்டிங் நிறுவனமே நகல் எடுக்கிறதே என்பீர்கள். எடுக்கிறார்கள். அவர்களிடம் கணக்கு முடங்கினால் அந்த நகலும் அங்கேயே முடங்கும். பிளாகரில் எழுதுகிறவர்கள் செட்டிங்ஸில் நகலெடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கோப்பில் எழுத்துதான் வரும், படங்கள் வராது. படங்களைத் தனியாகச் சேமியுங்கள்.

இன்னொன்று: எடுத்த நகலை வருடம் ஒருமுறையாவது திறந்து, ஒரு வெற்று இடத்தில் தளத்தை எழுப்பிப் பாருங்கள். திறக்காத நகலை நம்பி இருந்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறேன்.

உள்ளே ஆள் நுழைந்துவிட்டால்

பதற்றத்தில் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. இருக்கிற நிலையிலேயே ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். எந்த வழியாக வந்தார்கள் என்று பார்க்க அது வேண்டும்.
2. வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ மெயில், டொமைன், ஹோஸ்டிங், தளம் என்ற வரிசையில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயில் கடைசியில் என்றால் மற்றதை மாற்றியும் பயனில்லை.
3. ஹோஸ்டிங் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவேடு அவர்களிடம் இருக்கும்.
4. தளத்தில் உங்களுக்குத் தெரியாத அட்மின் யாராவது இருந்தால் நீக்குங்கள்.
5. கோளாறு வருவதற்கு முந்தைய நகலிலிருந்து தளத்தை மீட்டு, உடனே எல்லாவற்றையும் மேம்படுத்துங்கள். ஓட்டையான பிளகின் மறுபடி வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.
6. தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். வந்தவர்கள் தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். நீக்கிவிட்டு, பாதுகாப்புப் பிரிவில் மறுபரிசீலனை கேளுங்கள்.

உங்கள் தளத்தைத் திறந்தால் சிவப்புத் திரையில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால், அந்த மறுபரிசீலனை முடிந்தால்தான் அது போகும். பணம் பறிபோயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணம் போகிற வழியில் நிறுத்த வாய்ப்புண்டு.

ஆசையும் பயமும் காட்டி வரும் மெயில்கள்

தளம் தொடங்கிய சில மாதத்தில் மெயில்கள் வரத் தொடங்கும். ‘எங்கள் படத்தைத் திருடிவிட்டீர்கள், ஆதாரம் இந்த லிங்க்கில்’ என்று ஒன்று. ‘டொமைன் இன்று முடிகிறது, இங்கே பணம் கட்டுங்கள்’ என்று ஒன்று. எதிலும் லிங்க்கைத் தட்டாதீர்கள். டொமைன் கணக்கின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்த் தேதியைப் பாருங்கள்.

ஆசை காட்டி வருவதுதான் இதைவிட ஆபத்து. ‘உங்கள் தளம் அருமை, எங்கள் கட்டுரை ஒன்றைப் போடுங்கள், இரண்டாயிரம் ரூபாய் தருகிறோம்.’ கட்டுரையைப் படித்தால் புதுச்சேரியில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று அழகாகத்தான் இருக்கும். நடுவில் ஒரே ஒரு லிங்க் ரம்மி ஆப்புக்குப் போகும். முதல் வருமானமாக இதைப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு லிங்க் விற்பதைக் கூகுள் விதிமீறல் என்று சொல்கிறது, தேடலில் தளம் காணாமல் போகலாம். அதைவிடப் பெரிது, 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று அது சொல்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்காகப் பிள்ளைகள் இதில் போய் மாட்டுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நியாயமான விளம்பரக் கட்டுரை என்றால், காசு வாங்கியதை மேலேயே தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது. வாசகரும் மதிப்பார்.

வருமானம்: எவ்வளவு, எப்போது, எப்படி நிற்கும்

நம் தளத்தில் விளம்பரம் போட்டு அதற்குப் பணம் தருகிற கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழைச் சேர்த்தது. அதுவரை தமிழில் எழுதினால் ஆட்சென்ஸ் விளம்பரம் கிடைக்காது. இப்போது கிடைக்கிறது, ஆனால் ஆங்கிலத் தளத்துக்குக் கிடைக்கும் விலை தமிழுக்குக் கிடைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும், ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். ஆயிரம் பார்வைக்கு முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சம் பார்வை வேண்டும். மாதம் பத்தாயிரம் பார்வை வந்தால் முதல் காசைப் பார்க்க முப்பது மாதம். இந்தக் கணக்கை முதலிலேயே காட்டினால் சிலர் முகம் வாடிவிடும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டும் எழுத உட்கார்கிறவர்கள்தான் மூன்றாம் வருடமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வராதீர்கள், கடன் வாங்கி ஹோஸ்டிங் போடாதீர்கள்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு பின் எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்பும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். முகவரியில் கதவு எண், தெரு, பின்கோடு சரியாக இருக்கட்டும். முடிந்தால் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், சாதாரணக் கவராக இருப்பதால் விளம்பரத் தாள் என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் விளம்பரத்தை நீங்களே தட்டாதீர்கள், வீட்டாரையும் தட்டச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘நம்ம தம்பி சைட், விளம்பரத்தைத் தட்டி விடுங்கப்பா’ என்று அன்போடு ஒருவர் போட்டதால், அந்தத் தம்பியின் கணக்கு ஒரே வாரத்தில் மூடப்பட்டது. அப்படி மூடினால் திரும்பத் திறப்பது மிக அரிது, சேர்ந்த பணமும் கிடைக்காது. நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் வருமானம் ஒரே இரவில் சரியும். கூகுள் தேடலின் கணக்கீட்டை அவ்வப்போது மாற்றுகிறது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் வந்த மாற்றங்களில் உலகம் முழுக்கச் சின்னத் தளங்கள் பல அடிவாங்கின. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கேள்விக்குத் தேடல் பக்கத்திலேயே ஏஐ பதில் தருகிறது. பதில் அங்கேயே கிடைத்தால் நம் பக்கத்துக்கு யார் வருவார்கள்? காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு இது புரியும். மேலே எங்கோ மதகைத் திறப்பதும் மூடுவதும் வேறு யாரோ, நம் வயலுக்குத் தண்ணீர் வராதபோதுதான் நமக்குச் செய்தி தெரியும். கடைமடைக்காரர் ஆற்றை மட்டும் நம்பி நாற்று விடமாட்டார், போர்வெல் போட்டிருப்பார்.

நம் போர்வெல், நேராகத் தேடி வருகிற வாசகர்தான். மெயில் முகவரியை அனுமதி கேட்டு வாங்கி, வாரம் ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்தப் பட்டியல் இன்னொருவர் கைக்குப் போகாமல் காப்பது உங்கள் கடமை, 2023இன் தனிநபர் தரவுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கூகுளுக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள். எந்த ஊர்ப் பலாவை எப்போது வெட்டுவார்கள், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எந்த நேரத்துக்குப் போனால் மீன் மலிவு என்பதெல்லாம் நேரில் போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். என் தளத்தில் பண்ருட்டிப் பலாப் பக்கங்களுக்கு மே மாதம் வருகிற கூட்டம் ஆடியில் இருக்காது. புதுச்சேரி தங்குமிடப் பக்கங்களுக்குக் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை கூட்டம். இப்படி வேறுவேறு சீசன் உள்ள இரண்டு மூன்று பொருள்களை எழுதினால் வருடம் முழுக்கக் கொஞ்சமாவது ஓடும்.

உள்ளூர் விளம்பரம் நேரடியாக வாங்கலாம். புதுச்சேரி ஹோம்ஸ்டே, கடலூர் பாத்திரக்கடை என்று கேட்டால் கொடுப்பார்கள். எனக்கு ஆட்சென்ஸைவிட அதுதான் கைகொடுத்தது. மூன்று மாதப் பணத்தை முன்பணமாக வாங்கி, எத்தனை நாள், எந்த இடம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படமாக மட்டும் வாங்குங்கள். அவர்கள் ஆள் கொடுக்கும் நிரல் துண்டு எதையும் தளத்துக்குள் ஒட்டாதீர்கள்.

எழுத்துத் திருட்டும் வருமான இழப்புதான். கட்டுரையை அப்படியே வாசித்து யூடியூபில் போடுகிறார்கள், வரி மாறாமல் ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்யத் தேவையில்லை. இரண்டு இடத்திலும் நீக்கக் கோரும் படிவம் உண்டு. வெளியிட்ட தேதியும் நகலும் கையில் இருந்தால் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். நாமும் கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடக் கூடாது.

வரி விஷயம் சுருக்கமாக: வருகிற பணம் வருமானம், கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு வங்கி தரும் சான்றை வாங்கி வையுங்கள். நம் லிங்க் வழியாகப் பொருள் விற்றால் கமிஷன் கொடுக்கிற நிறுவனங்கள், டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் தளத்தில் தெரியும், ரிட்டர்ன் போட்டால் திரும்பக் கிடைக்கலாம். சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு எல்லை ஆண்டுக்கு 20 லட்சம், கடலூரிலும் புதுச்சேரியிலும் அதேதான். பணம் வரத் தொடங்கியதும் ஒருமுறை ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வருகிற முதல் தொகையில் அடுத்த வருட டொமைன், ஹோஸ்டிங் கட்டணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் செலவு செய்யுங்கள்.

அக்டோபர் முதல் வாரம்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். டொமைன், ஹோஸ்டிங் இரண்டின் முடிவுத் தேதியையும் பார்த்து, மார்ச்சுக்குள் முடிகிற எதுவானாலும் அன்றே கட்டிவிடுங்கள். முழு நகல் ஒன்று எடுத்து வெளியூருக்கு அனுப்புங்கள். வேண்டாத பிளகின்களை அழியுங்கள். மாற்றுக் குறியீடுகள் எழுதிய தாள் அதே பையில்தான் இருக்கிறதா என்று திறந்து பார்த்து, பையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேல் பரணில் வையுங்கள். வேறு ஊரில் இருக்கிற, நீங்கள் நம்புகிற ஒருவருக்கு, நம்மால் முடியாத வாரத்தில் பணம் கட்டத் தேவையான விவரத்தைச் சொல்லி வையுங்கள். என் விஷயத்தில் அது சேலத்துத் தங்கை. இந்த வருடம் அவளே செப்டம்பரில் போன் செய்து, ‘அண்ணா, கட்டிட்டியா?’ என்று கேட்டுவிட்டாள்.